மண்ணின் செல்வமும் மக்களின் அறிவும்

மண்ணுக்கடியில் செல்வம் கிடப்பது வேறு. அச்செல்வம் அம்மண்ணின் மக்களுக்குப் பயன்படுவது வேறு. இவ்விரண்டையும் இணைப்பது அறிவே. அவ்வறிவை ஆக்குவார் யார், ஆள்வார் யார் என்பதே வினா. இவ்வினாவிற்குக் கனடா நாட்டின் ஆல்பெர்ட்டா மாநிலம் நல்லதொரு சான்று.

அம்மாநிலத்தின் வடபால், மணலோடு கலந்து கிடக்கிறது நிலக்கீல். கல்நெய்யின் இனமே அது. ஆயினும் ஓடாது, ஒழுகாது. குளிர்ந்த மண்ணுள் இறுகிக் கிடக்கும். மேலாக உள்ளதை மணலோடு வாரியெடுக்கலாம். ஆனால், எடுக்கத்தக்க கீலில் ஏறத்தாழ 80 விழுக்காடு, வாரியெடுக்க இயலாத ஆழத்தில் உள்ளது. அதனை இளக்க வல்லது சூடு. அச்சூட்டை ஆழத்திற்குக் கொண்டு செல்வது நீராவி.

இம்பீரியல் ஆயில் நிறுவனத்தில் பணியாற்றிய உரோசர் பட்லர் என்னும் பொறியறிஞர் இதற்கொரு வழி கண்டார். நிலத்துள் படுக்கைவாட்டில் இரு கிணறுகள்; ஒன்றன்மேல் ஒன்றாக; இடைவெளி ஏறத்தாழ 5 மீட்டர். மேற்கிணற்றில் செலுத்தும் நீராவி எழுந்து பரவி மணலைச் சூடாக்கும். இளகிய கீலும், குளிர்ந்து நீரான ஆவியும் தம் எடையாலேயே இறங்கிக் கீழ்க்கிணற்றை அடையும். அங்கிருந்து மேலேற்றிக் கொள்ளலாம்.

தாளில் பொருந்தும் கருத்து மண்ணில் பொருந்துமா? அதை ஆய்ந்து பார்க்கப் பெரும்பொருள் வேண்டும். பீட்டர் லாகீடு தலைமையிலான மாநில அரசு, நெய்மணல் ஆய்வுக்கென்றே 1974-இல் ஒரு பொது அமைப்பை நிறுவியிருந்தது. அவ்வமைப்பு, கீல்மணலுக்கும் கீழேயுள்ள சுண்ணப்பாறையில் சுரங்கம் அகழ்ந்து, அங்கிருந்து மேல்நோக்கிக் கிணறுகளைத் துளைத்தது. 1987-இல் தொடங்கிய அவ்வாய்வு வென்றது. 2001-இல் பாசுட்டர் கிரீக்கில் இம்முறை வணிக அளவில் நடைமுறைக்கு வந்தது. இன்று நிறுவனங்கள் ஈட்டும் ஊதியத்திற்கு அடிக்கல், அன்று மக்கள் இட்ட பொதுப்பொருளே.

இனி, மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். ஒரு பீப்பாய்க் கீலை எடுக்க, பொதுவாக இரண்டு முதல் நான்கு பீப்பாய் நீரை ஆவியாக்க வேண்டியுள்ளது. அந்நீரில் பெரும்பகுதி திரும்பவும் பயன்படுகிறது என்பது உண்மையே. ஆனால், அதைக் கொதிக்க வைக்க எரித்த எரிவளி திரும்புவதில்லை. அது கரியமிலவளியாய் வானில் கலக்கிறது. ஒரு செல்வத்தை எடுக்க மற்றொரு செல்வம் எரிகிறது. கிரீ, தெனெ முதலிய முதற்குடிகள் வழிவழியாய் வேட்டையாடிய காடுகளின் ஊடே கிணற்றுத் தளங்களும் குழாய்களும் விரிகின்றன.

எடுத்த பீப்பாய்களை மட்டும் எண்ணுவது வணிகர் கணக்கு. எரித்ததையும் இழந்ததையும் சேர்த்து எண்ணுவதே மக்கள் கணக்கு. அறிவை ஆக்கப் பொருள் கொடுத்த மக்களுக்கு, அவ்வறிவின் விளைவுக்குக் கணக்குக் கேட்கவும் உரிமை உண்டு. கேளாத மக்களின் செல்வம், மண்ணுள் கிடந்தாலும் மேலே வந்தாலும் அவர்க்கு ஒன்றே.