கோதுமை தந்த கை

ஆசிரியர் அவர்களுக்கு,

நம் நாட்டுப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டதை நியாயப்படுத்தி, பஞ்சத்தில் கோதுமை கொடுத்த நாட்டிடம் நாம்தான் அனுசரித்துப் போக வேண்டும் என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அந்த நாடு அனுப்பிய மூட்டையில் வந்ததைச் சாப்பிட்டு வளர்ந்தவன் நான்.

1966இல் திருத்தணியில் இரண்டாம் வகுப்புப் படித்தேன். மதியம் 'கேர்' என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் பால் பவுடரை வெந்நீரில் கரைத்து ஊற்றுவார்கள். அடியில் கட்டி கட்டியாகத் தங்கும்; விரலால் வழித்துத் தின்போம். காலிக் கோதுமை மூட்டைச் சாக்கில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் இருக்கும். அம்மா அதைத் துவைத்து, மழைக்குக் கொங்காணி போட்டு அனுப்புவார். அந்தக் கைகள் என் முதுகில் இருக்கும். அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு. கோதுமைக்காகச் சேர்ந்த ரூபாய்க் கடனில் 1,664 கோடியை 1974இல் அமெரிக்கா விட்டுக்கொடுத்ததும் உண்மைதான்.

ஆனால் அதே 1966இல் நடந்த இன்னொன்றையும் அந்த வாசகர் எழுதியிருக்க வேண்டும். வியட்நாமில் அமெரிக்கா குண்டு போடுவதை நிறுத்தச் சொல்லி இந்தியா பேசியது. அமெரிக்க அதிபர் ஜான்சனுக்கு அது பிடிக்கவில்லை. கோதுமையை மொத்தமாகத் தர ஒப்புக்கொள்ளாமல், கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பிடித்து அனுப்பினார். பசித்தவன் என்ன பேசலாம் என்பதைக் கொடுத்தவன் முடிவு செய்தான். 1971 டிசம்பரில், வங்கதேசப் போரின்போது, வங்கக் கடலுக்கு அமெரிக்காவின் 'என்டர்பிரைஸ்' போர்க்கப்பல் வந்ததும் இந்த மிரட்டலின் தொடர்ச்சிதான்.

2025இலும் அதே கதைதான். ஆகஸ்ட் 7 முதல் 25 விழுக்காடு வரி; ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனையாக 27 முதல் மேலும் 25. நம்மைவிட அதிகமாக ரஷ்ய எண்ணெய் வாங்கும் சீனாவுக்கு இந்தத் தண்டனை வரியைப் போடவில்லையே, ஏன்?

உலகத்துக்கு அமெரிக்கா போல ஒரு பெரியவர் இருந்தால்தான் ஒழுங்கு இருக்கும் என்கிறார்கள். பெரியவர் என்றால் முதலில் அவர் பஞ்சாயத்துக்குக் கட்டுப்பட வேண்டும். திருத்தணிக்காக ஆந்திரத்தோடு நாங்கள் மல்லுக்கு நின்றவர்கள். போராட்டத் தலைவர் ம.பொ.சி. சிறை சென்றார். கடைசியில் படாஸ்கர் நடுவராக இருந்து சொன்னதை இரண்டு பக்கமும் ஏற்றுக்கொண்டு, 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். எங்களுக்கு ஒரு நடுவர் இருந்தார்; இந்த வரி வழக்கை எங்கே கொண்டுபோயிருக்க முடியும்? உலக வணிக அமைப்பின் மேல்முறையீட்டு மன்றத்துக்குப் புது நீதிபதிகளை அமர்த்தவிடாமல் தடுத்தது அமெரிக்காதான். 2019 டிசம்பரிலிருந்து அந்த மன்றம் முடங்கிக் கிடக்கிறது.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஏற்றுமதித் தையல் கம்பெனிக்கு வேனில் போகிறாள். விடியற்காலை நாலரைக்கு எழுந்து சோறு கட்டுவாள். இந்த வரி வந்ததிலிருந்து ஓ.டி. இல்லை, வாரத்தில் இரண்டு நாள் வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்களாம். மகளிர் குழுக் கடனுக்குத் தவணை மட்டும் தவறாமல் வருகிறது. ரஷ்ய எண்ணெய்க்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம்?

மத்திய அரசு இந்த மிரட்டலுக்குப் பணிந்து அமெரிக்க மக்காச்சோளத்துக்கும் பாலுக்கும் கதவைத் திறந்துவிடக் கூடாது. எந்த ஒப்பந்தமானாலும் கையெழுத்துக்கு முன் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். வேலை குறைந்த தையல் தொழிலாளிகளின் கடன் தவணையை இப்போதே ஆறு மாதம் தள்ளிவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருத்தணி, திருவள்ளூர் மாவட்டம்.