நாலு ஓவரிலிருந்து நாற்பது ஓவருக்கு

பிரிஸ்பேனில் இந்தியா ஆஸ்திரேலியாவை வென்று ஐந்து வருடம் ஆகிவிட்டது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்த ஆட்டம் இன்னும் முடியவில்லை. எங்கேயாவது ஒரு வேகப்பந்துவீச்சாளருக்குக் காயம் என்று செய்தி வந்தால் போதும், 2021 ஜனவரி மறுபடி தொடங்கிவிடும்.

அந்த இரவு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கியூபெக்கில் இரவு 8 மணியிலிருந்து ஊரடங்கு. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக முடியாது. ஜனவரி 18, திங்கட்கிழமை. அங்கே ஐந்தாம் நாள் காலை, இங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு வந்தால் புஜாரா உடம்பெல்லாம் பந்து வாங்கிக்கொண்டு நிற்கிறார். ரிஷப் பந்த் கடைசி நாலு ஓட்டத்தை அடித்தபோது நள்ளிரவு தாண்டி வெகுநேரம். 328 இலக்கு, 329 ஓட்டம், தொடர் 2-1. ஒரு மாதத்துக்கு முன் அடிலெய்டில் 36 ஓட்டத்தில் சுருண்ட அணி அது. ஆஸ்திரேலியாவோ 1988க்குப் பிறகு அந்த மைதானத்தில் ஒரு டெஸ்டும் தோற்றதில்லை. (இலங்கையா இந்தியாவா என்று எங்கள் வீட்டில் நடக்கிற சண்டை தனிக் கட்டுரைக்கு உரியது. அன்றைக்கு நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் ஆடியதால் அம்மா உட்பட எல்லாரும் ஒரே பக்கம்.)

சண்டை வெற்றியைப் பற்றியதல்ல, காயங்களைப் பற்றியது. மாமாவின் கட்சி: "ஐபிஎல்லில நாலு ஓவர் போட்டுக் கோடி கோடியா வாங்கினவங்கள், வெள்ளை உடுப்புப் போட்ட உடன விழுந்திட்டாங்கள்." ரொறன்ரோ மச்சானின் கட்சி: காயம் வந்ததுதான் நல்லது, இல்லாட்டி சிராஜ், சுந்தர், நடராஜனையெல்லாம் யார் இறக்கியிருப்பார்கள்? ஆஸ்திரேலியா நாலு டெஸ்டிலும் ஸ்டார்க், ஹேசில்வூட், கம்மின்ஸ், லயன் என்று அதே நால்வரை ஓடவிட்டது. சிட்னியில் 131 ஓவர் போட்டும் இந்தியாவை ஆட்டமிழக்கச் செய்ய முடியவில்லை. நடுவில் மூன்றே நாள், உடனே பிரிஸ்பேன். களைத்தவர்களைக் களைக்காதவர்கள் வென்றார்கள் என்பது மச்சானின் வாதம்.

மச்சான் சொல்வதில் பாதி உண்மை. ஆனால் இரண்டு பேருமே எல்லாக் காயங்களையும் ஒரே பெட்டிக்குள் போடுகிறார்கள். பிரித்துப் பாருங்கள். ஷமியின் கை, ஜடேஜாவின் பெருவிரல், பந்தின் முழங்கை மூன்றும் பந்து பட்டு வந்தவை. அதற்கு ஐபிஎல் என்ன செய்யும்? உமேஷ் யாதவின் கெண்டைக்கால், விஹாரியின் பின்தொடை, பும்ராவின் வயிற்றுத் தசை, சைனியின் கவட்டி எல்லாம் வேறு இனம். அவை உள்ளேயிருந்து வந்தவை. அஸ்வினின் முதுகையும் இந்தப் பக்கம்தான் வைப்பேன். சிட்னியில் கடைசி நாள் காலையில் குனிந்து சப்பாத்து நூல் கட்டக்கூட முடியாமல் இருந்தார் என்று அவர் மனைவியே பிறகு எழுதினார். அந்த முதுகோடு 128 பந்து நின்று ஆட்டத்தைச் சமன் செய்தார்.

இந்த இரண்டாவது இனத்துக்கு எது காரணம்? "ஓவராப் போட்டாங்கள்" என்பதுதான் வழக்கமான பதில். நான் நேர்மாறாக நினைக்கிறேன். இந்திய அணி 2020 மார்ச் தொடக்கத்தில் கிறைஸ்ட்சர்ச்சில் டெஸ்ட் ஆடியது, அதற்கு அடுத்தது டிசம்பர் 17ஆம் திகதி அடிலெய்டில். இடையில் ஒன்பது மாதம். அதில் பாதி வீட்டுக்குள். பிறகு எமிரேட்ஸில் ஐபிஎல், ஒரு ஆட்டத்துக்கு அதிகபட்சம் 4 ஓவர், அதாவது 24 பந்து. அங்கிருந்து நேரே ஒரு நாளைக்கு 20 ஓவர் போடும் வேலைக்குப் போனார்கள். உடம்பு அதிக வேலையில் முறியவில்லை, திடீர் ஏற்றத்தில் முறிந்தது. கோவிட் முடக்கத்துக்குப் பிறகு ஐசிசி வெளியிட்ட வழிகாட்டியும் இதைத்தான் சொன்னது: டி20க்குத் திரும்ப 5 முதல் 6 வாரத் தயாரிப்பு, டெஸ்டுக்கு 8 முதல் 12 வாரம். எங்கள் தொழிலில் ஒரு சேர்வருக்குப் படிப்படியாகத்தான் சுமையைக் கூட்டுவோம். மனுஷனின் இடுப்புக்கு மட்டும் அது தேவையில்லை என்று நினைத்துவிடுகிறோம்.

நடராஜனை எடுங்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி. தந்தை நெசவுத் தொழிலாளி, தாய் தெருவோரத்தில் கோழிக்கறிக் கடை வைத்தவர். வலைப்பயிற்சியில் பந்து போட என்று கூட்டிப்போன ஆள், ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவங்களிலும் அறிமுகமானார். கபாவில் ஆடிய இந்தியப் பந்துவீச்சாளர்கள் ஐவரும் அதுவரை எடுத்த டெஸ்ட் விக்கெட் மொத்தம் 11. எதிரணி நால்வருடையது ஆயிரத்துக்கு மேல். முதல் இன்னிங்ஸில் நடராஜன் 78 ஓட்டத்துக்கு 3 விக்கெட். இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 38 ஓவருக்கு மேல் போட்டார். சைனி பாதியில் விழுந்ததால் அவருடைய பங்கும் மற்றவர்கள் தலையில். ஊர் திரும்பியபோது தேரில் ஏற்றி ஊர்வலம். ஏப்ரலில் முழங்காலில் சத்திரசிகிச்சை. அதற்குப் பிறகு அவர் இந்தியாவுக்கு ஒரு டெஸ்டும் ஆடவில்லை. ஒரு முழங்கால் ஒரு ஆட்டத்தில் கெடுவதில்லை, அந்தப் பழியைக் கபாவின் மேல் போடமாட்டேன். ஆனால் தேரைப் படம் எடுத்துப் பகிர்ந்த நாங்கள், சத்திரசிகிச்சைச் செய்தியை யாரும் குழுவில் போடவில்லை. மாமாகூடத்தான்.

அதே தொடரில் 21 விக்கெட் எடுத்துத் தொடர் நாயகனான பாட் கம்மின்ஸின் கதை வேறு. 2011 நவம்பரில் ஜொகான்னஸ்பேர்க்கில் 18 வயதில் முதல் டெஸ்ட், ஒரே இன்னிங்ஸில் 6 விக்கெட். அடுத்த டெஸ்ட் எப்போது? 2017 மார்ச், ராஞ்சி. ஐந்து வருடத்துக்கு மேல் இடைவெளி. அதில் பெரும்பகுதியைத் தின்றது முதுகெலும்பில் திரும்பத் திரும்ப வந்த அழுத்த முறிவு. இளம் வேகப்பந்துவீச்சாளர்களின் கீழ்முதுகு எலும்பு இருபதுகளிலும் முற்றிக்கொண்டுதான் இருக்கும். ஆஸ்திரேலியா காத்திருந்தது, அதனால்தான் 2021இல் நாலு டெஸ்டும் ஓட ஆள் இருந்தார்.

இப்போது எங்கள் ஊருக்கு வருவோம். மொன்றியலில் ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை எங்கள் பிள்ளைகள் பந்து போடுவது குறைவு. பனி உருகி மே மாதம் மைதானம் காய்ந்தவுடன் எல்லாம் ஒரேயடியாகத் தொடங்கும். சனி ஒரு ஆட்டம், ஞாயிறு ஒன்று, செவ்வாயும் வியாழனும் பயிற்சி, மிச்ச நாளில் வீட்டு முற்றத்தில் அண்ணனுக்குப் போடுவது. இந்திய அணிக்கு ஒன்பது மாதம் கழித்து நடந்தது எங்கள் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு மே மாதமும் நடக்கிறது. எல்லைக்கோட்டில் நின்று "இன்னொரு ஓவர் குடுங்கோ கோச், நல்லாப் போடுறான்" என்று கத்துவதும் நாங்கள்தான். அப்பிடிக் கத்துகிற அப்பாக்களுக்கு ஒரு கணக்கு: இங்கிலாந்து கிரிக்கெட் சபை 13 வயதுக்கு உட்பட்ட வேகப்பந்துவீச்சாளருக்குத் தொடர்ச்சியாக 5 ஓவர், ஒரு நாளைக்கு 10 ஓவர் என்று வரம்பு வைத்திருக்கிறது. 15 வயது வரை 6, 12. வாரத்தில் நாலு நாளுக்கு மேல் போடவேண்டாம், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேலும் வேண்டாம் என்றும் சொல்கிறது. பயிற்சியில் போடுவதும் இந்த நாள் கணக்கில் சேரும்.

கோச் ஆட்டத்தில் போட்டதைத்தான் எண்ணுவார். முற்றத்தில் போட்டது அவருக்குத் தெரியாது. அதனால் எண்ணவேண்டியது வீடுதான். எங்கள் வீட்டில் மார்ச் பாடசாலை விடுமுறையிலிருந்து பேஸ்மெண்டில் டெனிஸ் பந்தோடு தொடங்குகிறோம். வாரம் இரண்டு நாள், முதல் வாரம் 12 பந்து, பிறகு வாரத்துக்குக் கொஞ்சம் கூட. மே மாத முதல் ஆட்டம் வரும்போது உடம்புக்கு அது புதுச் செய்தியாக இருக்கக்கூடாது. கீழ்முதுகில் ஒரு பக்கம் மட்டும் நோகிறது, பின்னால் வளைந்தால் கூடுகிறது என்று பிள்ளை சொன்னால், எண்ணெய் தேய்த்துவிட்டு மறுநாள் அனுப்பாதீர்கள். பந்தை நிறுத்திவிட்டு டொக்டரிடம் காட்டுங்கள்.

எண்ணும் வேலையை அம்மம்மாவிடம் கொடுத்திருக்கிறோம். பழைய கலண்டரின் பின்பக்கத்தில் கோடு போடுகிறார். வைட், நோபோலையும் சேர்த்துத்தான் எண்ணுகிறார். "அதெல்லாம் கணக்கில்ல அம்மம்மா" என்று பேரன் சண்டை பிடிக்கிறான். அவர் விடவில்லை: "அதையும் நீதானே ஓடிவந்து போட்டனி?"