பேசவும் பயிற்சி வேணும்

1/ ராத்திரி ரெண்டு மணி, கேஷுவாலிட்டி. "நல்லா பேசிட்டுத்தானே வந்தாரு, என்ன ஊசி போட்டீங்க?"ன்னு மகன் கத்துறார். அப்போ என்ன பேசணும்னு எம்பிபிஎஸ்ல எனக்கு யாரும் சொல்லித்தரலை.

2/ நீதிமன்ற சமரச மையத்துல உட்கார்ற சமரசருக்கு 40 மணி நேரப் பயிற்சி உண்டு. குறுக்கே பேசாம கேட்கிறது, கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துறது எல்லாத்தையும் நடிச்சுப் பார்த்தே பழகுவாங்க.

3/ சமரசர் நடுநிலை ஆள். டாக்டரோ ஒரு தரப்பு. அவருக்கு இது இன்னும் கஷ்டம்.

4/ மருத்துவமனைத் தாக்குதலுக்கு எதிரா தமிழ்நாட்டுல 2008லயே சட்டம் வந்தாச்சு. ஆனா கேஸ் போடுறது அடி விழுந்த பிறகுதான்.

5/ அடி விழாம தடுக்க டாக்டர், நர்ஸ், செக்யூரிட்டி எல்லாருக்கும் இந்தப் பயிற்சி கொடுங்க. உங்க வீட்டு ஆளை நாங்க பார்க்கிற அன்னைக்கு, அது உங்களுக்கும்தான் உதவும்.