ஒரு வேளை ஊசி

போன மாதம் எட்டு நாள் என் வீட்டில் அடுப்பே சரியாக எரியவில்லை. 78 வயது மாமியாருக்கு நிமோனியா. கூடவே இடது காலில் ரத்தம் உறைந்து கால் வீங்கிப்போய், தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருந்தோம். உறைவு பெருகாமலிருக்க எனாக்ஸாபரின் என்ற ஊசியை 60 மில்லிகிராம் வீதம் காலையும் இரவும் வயிற்றுத் தோலில் போட்டார்கள்.

மூன்றாம் நாள் இரவு ஊசி வரவில்லை. "இனிமே ஒரு வேளைதாம்மா, அதுவும் 40தான்" என்றாள் நர்ஸ். எனக்குப் பகீரென்றது. 'இனிமேல் பிழைக்கமாட்டார் என்று கைவிட்டு விட்டார்களோ?' நேரே டாக்டரம்மாவிடம் போய்ச் சண்டை பிடிக்காத குறைதான்.

அவர் கோபப்படவில்லை. "உங்க அத்தை 55 கிலோன்னு சொன்னது யாரு?" என்று கேட்டார்.

நான்தான்! எப்போதோ பார்த்த எடை. அவசரத்தில் வாயில் வந்தது. அன்று காலை சிறுநீர்ப் பையில் லேசாகச் சிவப்புத் தெரியவே, சந்தேகப்பட்டுக் கட்டிலோடு நிறுத்திருக்கிறார்கள். 42 கிலோ!

இந்த மருந்து உடம்பை விட்டுப் போகிற முக்கியமான வழி சிறுநீரகம். அது சோர்ந்துபோனால் காலையில் போட்டது போய்ச் சேருமுன் இரவு ஊசி வந்து சேர்ந்துகொள்ளும். அப்புறம் வயிற்றிலோ மூளையிலோகூட ரத்தம் கசியலாம்.

"கிரியாட்டினின் 1.2தானே டாக்டர்? கொஞ்சந்தானே கூட?" என்றேன், ரிப்போர்ட் படிக்கத் தெரிந்த மிதப்பில்! கிரியாட்டினின் தசையிலிருந்து வருவதாம். தசை வற்றிய கிழவிக்கு அது குறைவாகத்தான் ஊறும். ஆகவே என் கணவரின் 1.2 வேறு, அத்தையின் 1.2 வேறு. வயது, எடை, ஆணா பெண்ணா எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். காக்ராஃப்ட், கால்ட் என்ற இருவர் 1976-இல் வெளியிட்ட கணக்கு அது. 55 கிலோவுக்கு நிமிஷத்துக்கு 33 மில்லி வந்தது; 42-க்கு 25தான். 30-க்குக் கீழே போனால் இந்த ஊசியை இரண்டு வேளை போடக்கூடாது. கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் வீதம் நாளுக்கு ஒரு தடவைதான். நான் வாய்க்கு வந்தபடி சொன்ன எடை எங்கே கொண்டு விட்டது பாருங்கள்!

அதற்காக, 'குறைத்தால் நல்லது' என்றும் இல்லை. மருந்து போதாவிட்டால் காலிலுள்ள கட்டி நுரையீரலுக்குப் போய் அடைக்கும். அபாய நிலையிலுள்ள சில இளவயதுக்காரர்களுக்குச் சிறுநீரகம் வழக்கத்தைவிட வேகமாக ஓடி, மருந்தை வெளியே தள்ளிவிடுமாம். அங்கே நிலைமை தினம் மாறுவதால்தான் சிறுநீரை மணிக்கொரு தரம் அளக்கிறார்கள். சிறுநீரகம் இன்னும் மோசமானால் பழைய ஹெபாரினைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். அது சிறுநீரகத்தை அவ்வளவாக நம்பியில்லை. நிறுத்தினால் சில மணி நேரத்தில் வேகம் அடங்கிவிடும். ஆனால் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

"வேற மாத்திரை ஏதாவது?" என்றார் டாக்டரம்மா. முழங்கால் வலிக்கென்று கடையில் வாங்கித் தினம் போட்டுக்கொண்டதை அப்போதுதான் சொன்னேன். தலையில் அடித்துக்கொள்ளாத குறை! அவை சிறுநீரகத்தையும் கெடுக்கும், ரத்தக் கசிவையும் கூட்டும்.

அத்தை வீடு திரும்பிவிட்டார். எடை மெஷின் ஒன்று வாங்கி, ஒன்றாம் தேதி தோறும் ஏற்றி நிறுத்தி நோட்டில் எழுதுகிறேன். "என்னை என்ன அரிசி மூட்டைன்னு நினைச்சியாடீ?" என்கிறார்.