தோட்டப் பக்கம்: வாதுமை தரும் இடம்

ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் இலையுதிர் காலத்தைப் பற்றிய பாட்டு வரும்போதெல்லாம் நம் குழந்தைகள் விழிப்பது வழக்கம். செப்டம்பர் முதல் நவம்பர் வரை இலை உதிரும் என்கிறது புத்தகம். எண்ணூரிலோ ஐப்பசி மழை கொட்டிச் சுவர் இடுக்கில்கூடப் புல் முளைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் கூதிர். நம் ஊரில் இலை உதிர்வதைக் காணப் பனிக் காலம் வரையில் பொறுத்திருக்க வேண்டும்.

தை, மாசியில் கடற்கரைத் தெருக்களில் நாட்டு வாதுமையை அண்ணாந்து பாருங்கள். இலையின் பசுமை கரையக் கரைய, ஒரே கிளையில் பச்சை, பொன், செம்பு, குங்குமம் ஆகிய நான்கு வர்ணங்களும் நிற்கும். காஷ்மீரத்துச் சினார் மரங்களைக் காண இரயிலேற வசதியில்லாத நமக்கு இது பெரும் பாக்கியம். அது உதிர்ந்து ஓய்வதற்குள் அரச மரம் செந்தளிர் விடும். மூப்புக்கும் இளமைக்கும் இங்கே ஒரே நிறம்!

ஆனால், "தினமும் கூட்டி மாளவில்லை, மரத்தை வெட்டிவிட்டால் நாலு புதுச் செடி வைக்க இடமாவது கிடைக்கும்" என்று சொல்லுவோர் உண்டு. இடம் கிடைக்கும் என்பது வாஸ்தவம். அந்த இடத்தில் செடி பிழைக்குமா என்பதல்லவா கேள்வி? கடலின் உப்புக் காற்று, துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் புழுதி, புகைபோக்கிச் சாம்பல் ஆகிய மூன்றையும் முதலில் தாங்குவது அந்த அகன்ற இலைகளே. மரம் போனால் அவ்வளவும் இளஞ்செடியின் தலையில் விழும். மேலும், நம் முற்றங்களில் இடத்தைவிட மண்ணுக்குத்தான் பஞ்சம். கடல் மணல் தண்ணீரை நிறுத்தி வைப்பதில்லை. அதைச் செடிக்கு ஏற்ற மண்ணாக்குவது இலை மக்குதான்.

ஆகையால் உதிர்ந்த இலைக்குத் தீ வைக்காதீர்கள். ஊரில் உள்ள புகையே போதும். உப்பும் சாம்பலும் போக இலைகளை அலசி, கிழித்து, விளிம்பு உடைந்த பானையிலோ கோணிச் சாக்கிலோ அடைத்து, சாணிக் கரைசல் தெளித்து, ஈரம் காயாமல் வையுங்கள். வாதுமை இலை தடித்தது. மக்குவதற்கு ஆறேழு மாதம் ஆகும். மாசியில் அடைத்தது புரட்டாசியில் கறுத்துப் பொலபொலவென்று உதிரும். ஐப்பசி நடவுக்குச் சரியாக வந்துசேரும். மணலுடன் பாதிக்குப் பாதி கலந்து, மர நிழலிலேயே கற்பூரவல்லியும் வெற்றிலைக் கொடியும் வைக்கலாம். வெயில் படும் ஓரத்தில் நித்தியகல்யாணியும் அரளியும் உப்புக் காற்றுக்கு அஞ்சாமல் பூக்கும்.

மண் வேண்டுமென்று முகத்துவாரத்துச் சேற்றை மட்டும் அள்ளி வராதீர்கள். பல ஆண்டுகளாக நிலக்கரிச் சாம்பல் படிந்த சேறு அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் அங்கே பரவி, அலையாத்தி மரங்களின் வேர்களிலெல்லாம் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. அந்தக் கரையைச் சீராக்குவது நம் ஒருவர் கையில் இல்லை. வாசலில் விழும் இலை நம் கையில் இருக்கிறது. இந்தத் தை மாதம் ஒரு சாக்கு இலையையேனும் சேர்த்து வையுங்கள். ஐப்பசியில் எந்தச் செடி வைப்பதென்று பிறகு பேசலாம்.