கால் வைக்கும் இடம்



மும்பையிலிருந்து ஊருக்குப் போகும் ரயில் கர்ஜத் நிலையத்தில் சற்று நேரம் நிற்பதை நீங்கள் அறிவீர்கள். அங்கே வண்டியின் பின்புறம் துணை எஞ்சின்களைப் பூட்டுகிறார்கள். முன்னே இருக்கும் எஞ்சின் மட்டும் இழுத்தால் போர் காட் மலைச்சரிவில் அத்தனை பெட்டிகளும் ஏறிவிடாது. பல ஆண்டுகளாக அந்த வழியே போய்வந்தும், பின்னாலிருந்து தள்ளுகிற அந்த எஞ்சின்களை நான் ஒரு பொருட்டாக எண்ணியதில்லை. அவற்றை எனக்கு நினைப்பூட்டிய ஒரு நாளைக் குறித்து இந்த மாதம் எழுதுகிறேன். அதில் என் தவறு ஒன்றும் அடங்கியிருக்கிறது.

2024 ஜனவரி 26, வெள்ளிக்கிழமை. குடியரசு தின விடுமுறை. சபையின் வாலிபர்கள் பல மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தபடி, லோஹகட் மலைக்கோட்டைக்குப் போவதென்று தீர்மானித்தோம். என்னையும் சேர்த்து 23 பேர். வாலிபத் தம்பிமார் 14 பேர், சகோதரிகள் 6 பேர், வயதில் மூத்தவர்கள் 3 பேர். விடியற்கால ரயிலில் லோனாவாலா போய், அங்கிருந்து பூனா லோக்கலில் அடுத்த நிலையமாகிய மளவ்லியில் இறங்கினோம். விரைவுச்சாலையின் மேலுள்ள பாலத்தைக் கடந்து, பாஜே கிராமத்தின் வழியாக நடை. அங்கே மலையில் குடைந்த பழமையான பௌத்தக் குகைகள் இருக்கின்றன. அவற்றைத் தாண்டிப் பாதை ஏறி, லோஹகட், விசாபூர் என்னும் இரண்டு கோட்டை மலைகளுக்கும் நடுவேயுள்ள கணவாயை அடைகிறது.

லோஹகட் என்றால் இரும்புக் கோட்டை. 1665-ல் புரந்தர் உடன்படிக்கையின்படி சிவாஜி மொகலாயரிடம் விட்டுக்கொடுத்து, 1670-ல் மீண்டும் கைப்பற்றிய கோட்டைகளில் இதுவும் ஒன்று. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில் லோஹகடும் உண்டு, நம்முடைய செஞ்சியும் உண்டு. எங்கள் கூட்டத்தில் விழுப்புரம் பக்கத்தவர் சிலர் இருந்தனர். சிறுவயதில் செஞ்சிப் பாறைகளில் ஓடி ஏறியவர்களாகையால், "இதெல்லாம் எங்களுக்கு ஒரு மலையா, ஐயா?" என்று சிரித்தார்கள்.

அங்கேதான் கவனம் வேண்டும். செஞ்சி கருங்கல் மலை. பாறை சொரசொரப்பாயும் உறுதியாயும் இருக்கும். உள்ளங்காலை ஒட்டிப் பிடிக்கும். சஹ்யாத்திரியோ, ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காய்ப் பாய்ந்து உறைந்ததால் உண்டான எரிமலைப் பாறை. கெட்டியான அடுக்கும் மிருதுவான அடுக்கும் மாறிமாறி இருப்பதால் மலைகள் படிக்கட்டுப்போலத் தோன்றுகின்றன. இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'டெக்கான் ட்ராப்' என்ற பெயரிலுள்ள 'ட்ராப்', படிக்கட்டைக் குறிக்கும் சுவீடன் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. இந்தப் பாறையில் கைப்பிடி எளிதாய்க் கிடைக்கும். எளிதாய்க் கையோடு பெயர்ந்தும் வரும். தட்டிப் பார்த்து, அசைத்துப் பார்த்து, பிறகே பாரத்தைக் கொடுக்கவேண்டும்.

கோட்டைக்குள் போவதற்குக் கல்படிகள் உண்டு. ஒன்றன்பின் ஒன்றாக நான்கு வாசல்கள். அதுவரை குழந்தைகளும் ஏறிவிடலாம். மேலே மேற்புறமாக ஒரு நீண்ட பாறை முதுகு, கோட்டையிலிருந்து பிரிந்து வெளியே நீண்டுபோகிறது. இருபுறமும் பள்ளம். தூரத்திலிருந்து பார்த்தால் தேளின் கொடுக்கைப்போல் இருப்பதால் மராட்டியில் அதற்கு 'விஞ்சு காட்டா' என்று பெயர். அதன் முனைக்குச் சென்று ஜெபிக்கவேண்டும் என்பது எங்கள் திட்டம். சரியாகச் சொன்னால், என்னுடைய திட்டம்.

அதோடு இன்னொரு கட்டளையும் கொடுத்திருந்தேன். முனைக்குப் போய் ஜெபித்த பிறகே ஒருவரும் சாப்பிடவேண்டும். சகோதரிகள் இட்லியும் சட்டினியும் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். காலை 10 மணிக்குள் போய்விடுவோம் என்று நான் கணக்கிட்டிருந்தேன். ரயில் தாமதித்தது, நடையும் தாமதித்தது. கோட்டையின் கடைசி வாசலைக் கடக்கும்போதே மணி 11 ஆயிற்று. "ஐயா, பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுப் போகட்டுமே" என்று ஒரு சகோதரி கேட்டார். "இன்னும் கொஞ்சந்தானே, சகோதரி" என்றேன்.

விஞ்சு காட்டாவின்மேல் நடப்பது கடினமல்ல. அதற்குள் இறங்குகிற இடமே கடினம். கோட்டை மேட்டின் விளிம்பிலிருந்து ஒரு பாறைச் சரிவில் கையும் காலும் ஊன்றி இறங்கவேண்டும். உயரம் அதிகமில்லை, ஆனால் இறங்குகிறவன் பாறையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு இறங்கவேண்டியிருப்பதால், தன் கால் வைக்கும் இடம் அவன் கண்ணுக்குத் தெரியாது.

ஐந்தாறு பேர் இறங்கிவிட்டார்கள். நானும் இறங்கிக் கீழே நின்றேன். அடுத்து ஒரு தம்பி. வயது 21. சபையில் தவறாமல் டிரம்ஸ் வாசிக்கிறவர், ஒரு வேலைக்கும் பின்வாங்காதவர். பாதி இறங்கியதும் நின்றுவிட்டார். கைகள் பாறையை இறுகப் பற்றியிருந்தன. முழங்கால்கள் தையல் இயந்திரத்தின் ஊசிபோல் நடுங்கின. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கீழே நின்றுகொண்டு பிரசங்கித்தேன். "தம்பி, பயப்படாதே! விசுவாசத்தோடே காலை எடுத்து வை!" என்று உரத்த சத்தமாய்ச் சொன்னேன். மற்ற வாலிபரும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். சத்தம் கூடக்கூட நடுக்கமும் கூடிற்று. அவருடைய காலுக்கடியிலிருந்து ஒரு சிறு கல் பெயர்ந்து, எங்களைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. அது போய் விழுகிற ஓசைக்காகக் காத்திருந்தேன். ஓசை கேட்கவில்லை.

அப்பொழுது, முன்பு சாப்பாட்டைக் குறித்துக் கேட்ட அதே சகோதரி மேலிருந்து, "எல்லாரும் கொஞ்சம் சத்தம் போடாம இருங்க" என்றார். ஐம்பது வயது, நான்கு வீடுகளில் சமையல் செய்து பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, உட்கார்ந்தபடியே மெதுவாய் நகர்ந்து இறங்கி, அந்தத் தம்பிக்குப் பக்கத்திலிருந்த சிறு மேடையில் அமர்ந்தார். அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். பிறகு பையிலிருந்து கடலைமிட்டாய் ஒன்றை எடுத்து, தாளைப் பிரித்து, அவர் வாயில் வைத்தார். தண்ணீர் கொடுத்தார். பத்து நிமிஷம் இருவரும் அப்படியே இருந்தார்கள். நாங்கள் பேசாமல் நின்றோம்.

பிறகு என்னை நோக்கி, "ஐயா, இந்தப் பிள்ளை ராத்திரி முழுக்க கிடங்கில பார்சல் ஏத்திட்டு நேரா ஸ்டேஷனுக்கு வந்திருக்கான். நேத்து சாயங்காலம் சாப்பிட்டதுதான்" என்றார்.

"ஏன் தம்பி சொல்லவில்லை?" என்று கேட்டேன். பாறையை விட்டு முகத்தைத் திருப்பாமலே அவர் சொன்னார்: "விசுவாசம் இல்லைன்னு நினைச்சிடுவீங்கன்னுதான், ஐயா."

பிரியமானவர்களே, எத்தனையோ செய்திகள் கொடுத்திருக்கிறேன். அவற்றைக் கேட்டு இந்தப் பிள்ளை கற்றுக்கொண்டது இதுதானா என்று என் இருதயம் குத்துண்டது.

முனைக்குப் போகவில்லை. அவரை மேலே ஏற்றினோம், இறங்கியிருந்தவர்களும் ஏறிவந்தோம். கோட்டைச் சுவரின் நிழலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். சாப்பிட்ட பிறகு ஜெபித்தோம். கீழே பவனா அணையின் நீர் பளபளத்துக் கிடந்தது. ஒருவரும் குறைவாய் ஆசீர்வதிக்கப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

திரும்பும் ரயிலில் 1 சாமுவேல் 14-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். வேதாகமக் கல்லூரியில் பரீட்சைக்காகப் படித்த அதிகாரம். பலமுறை பிரசங்கித்த அதிகாரம். போசேஸ், சேனே என்னும் இரண்டு செங்குத்தான பாறைகளுக்கு நடுவே யோனத்தான் கையும் காலும் ஊன்றி ஏறிய வரலாறு. வாலிபர் கூட்டங்களில் இதைச் சொல்லி, "பாறையைப் பார்க்காதே, தேவனைப் பார்" என்று முழங்கியிருக்கிறேன். அன்று இரவு வேறு காரியங்கள் கண்ணில் பட்டன.

யோனத்தான் அறுநூறு பேரையும் அந்தப் பாறைக்கு இழுத்துக்கொண்டு போகவில்லை. ஒருவனிடம் தன் எண்ணத்தைச் சொன்னான். அந்த ஆயுததாரி மனதார இசைந்த பிறகே இருவருமாய் ஏறினார்கள். அந்த ஒருவன் பின்னாலே வந்தான் என்பதை வேதம் மறவாமல் குறித்துவைத்திருக்கிறது.

அதே நாளில் சவுல் செய்ததும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. சாயங்காலம் வரைக்கும் ஒருவனும் உண்ணலாகாது என்று களைத்துப்போன ஜனங்களின்மேல் ஆணையிட்டான். தேன் ஒழுகும் காட்டின் வழியே நடந்தும், பயத்தினால் ஒருவரும் கையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. ஆணையைக் கேட்டிராத யோனத்தான் கோலின் நுனியால் கொஞ்சம் தேனை எடுத்து உண்டான். அவன் கண்கள் தெளிந்தன. இத்தனை ஆண்டுகள் இந்த அதிகாரத்தில் என்னை யோனத்தானாகவே பார்த்துவந்தேன். அன்று மலையின்மேல் நான் சவுலாயிருந்தேன். தேனைக் கொண்டுவந்தவர் அந்தச் சகோதரி.

உபவாசத்தைக் குறைத்துப் பேசுகிறேன் என்று ஒருவரும் எண்ணவேண்டாம். தானாய் விரும்பி எடுப்பது உபவாசம். பிறன்மேல் சுமத்துவது வெறும் பட்டினி. நம் சபைகளில் இரவு வேலை பார்க்கிறவர்கள் உண்டு. இரண்டு இடத்தில் வேலை செய்கிறவர்கள் உண்டு. ஊரிலுள்ள தாய்தகப்பனுக்குப் பணம் அனுப்பிவிட்டு மாதக் கடைசியில் ஒருவேளை உணவைக் குறைக்கிறவர்கள் உண்டு. அவர்கள் நம்மிடம் சொல்லுவதில்லை. சொல்லக்கூடிய இடமாக நம்மை வைத்திருக்கிறோமா?

அந்தப் பாறையில் நடுங்கியது விசுவாசக் குறைவு அல்ல. உறக்கமும் உணவுமில்லாத சரீரம் நடுங்கிற்று. நல்ல சரீரமும் பள்ளத்தைக் கண்டு பயப்படலாம். அந்தப் பயத்தையும் நம்மைக் காக்கும்படி தேவனே வைத்திருக்கிறார்.

மலைக்குப் போகிற சபைகளுக்குச் சில வார்த்தைகள். காலையில் சாப்பிட்டுவிட்டே ஏறுங்கள். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீராவது இருக்கட்டும். மழைக்காலத்தில் பாசி படிந்த பாறை வழுக்கும். அப்பொழுது இப்படிப்பட்ட இடங்களைத் தவிர்த்துவிடுங்கள். இரண்டு கை, இரண்டு கால் ஆகிய நான்கில் ஒன்றை மாத்திரமே ஒரு சமயத்தில் எடுங்கள்; மற்ற மூன்றும் பாறையில் இருக்கட்டும். ஒருவர் இறங்கும்போது நேர்கீழே நிற்காமல், பக்கவாட்டில் பாதுகாப்பாய் நில்லுங்கள். கல் உருண்டால் உடனே "கல்!" என்று கத்துங்கள். பாறைகளில் மலைத்தேனீக் கூடுகள் இருக்கும். அருகே புகையும் சத்தமும் ஆகாது. எல்லாவற்றிற்கும் மேலாக, ஏறுமுன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே, "நேற்று தூங்கினாயா?" என்று கேளுங்கள். "வேண்டாம்" என்கிறவருக்குத் துணையாக ஒருவர் கீழே தங்கட்டும். அது அவமானமாகாதபடி, மூப்பரில் ஒருவரே முதலில் தங்கட்டும்.

2024 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மறுபடியும் போனோம். கடைசி வாசலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்தத் தம்பி வந்திருந்தார். முந்தின இரவு விடுப்பு எடுத்து உறங்கியிருந்தார். பாறைச் சரிவில் அவர் எனக்கு முன்னே இறங்கினார், நிதானமாக, ஒவ்வொரு பிடியையும் அசைத்துப் பார்த்து. அடுத்து நான். எனக்கு முழங்கால் வலி உண்டு. பாறையின் பக்கமாய்த் திரும்பி இரண்டு அடி இறங்கியதும், வலதுகால் அந்தரத்தில் தடவிற்று. ஒன்றும் அகப்படவில்லை. எனக்குள்ளே பயம் வந்தது.

கீழே பக்கவாட்டிலிருந்து சத்தமில்லாத ஒரு குரல் கேட்டது: "வலது கால், ஐயா. இன்னும் நாலு விரல் கீழே. கொஞ்சம் உள்ளே. ஆங், அங்கேதான். அந்தக் கல் அசையாது, நான் பார்த்துட்டேன்."

வைத்தேன். கல் அசையவில்லை.

நடுங்குகிறவரைப் பார்த்துச் சத்தமிடுவதைவிட, அவர் கால் வைக்கும் இடத்தை நமக்கு முன்பே அறிந்து, மெல்லச் சொல்லுகிற கிருபையை ஆண்டவர் நம் ஒவ்வொரு வீட்டுக்கும் சபைக்கும் தருவாராக. ஆமென்.