சர்வீஸுக்கு விட்ட டீசல் கார்... லட்சத்தில் வந்த எஸ்டிமேட்! 'ஓகே' சொல்வதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?

காலையில் ஆயில் சர்வீஸுக்குத்தான் காரை விட்டிருப்பீர்கள். மிஞ்சிப்போனால் பத்தாயிரம் ரூபாய் ஆகும் என்பது உங்கள் கணக்கு. மதியம் சர்வீஸ் அட்வைசரிடமிருந்து போன் வரும். "சார், இன்ஜெக்டர் நாலும் வீக்கா இருக்கு. டர்போவையும் பார்க்கணும். ஒன்றே முக்கால் லட்சம் வரைக்கும் வரும். வேலையை ஆரம்பிச்சிடலாமா?"

டீசல் கார் வைத்திருக்கும் பலருக்கு இந்த போன் புதிதல்ல. வாரண்டி முடிந்த இரண்டாவது மாதமே வந்தால் வயிற்றெரிச்சல் இன்னும் அதிகம். அந்தப் பதற்றத்தில் பெரும்பாலானவர்கள் கேட்பது, "கொஞ்சம் குறைச்சுக்க முடியுமா?" என்பதுதான். ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "ஏன் போச்சு?" அதற்கான பதில் எழுத்தில் எப்படிப் பதிவாகிறது என்பதைப் பொறுத்துத்தான், பணம் கொடுக்க வேண்டியது கார் நிறுவனமா, இன்சூரன்ஸ் நிறுவனமா, நீங்களா என்பது முடிவாகும்.

டீசல் இன்ஜினுக்கு மட்டும் ஏன் இவ்வளவு செலவு?

உங்கள் கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 2 பார். இன்றைய டீசல் இன்ஜினில் இன்ஜெக்டர் வழியாக எரிபொருள் பாய்வதோ ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்தில். மிக நுண்ணிய துளைகள் அவை. டீசலில் கொஞ்சம் தண்ணீரோ தூசியோ கலந்தாலே கெட்டுவிடும்.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதிகள் வந்த பிறகு இன்னொரு செலவும் சேர்ந்துகொண்டது. புகையில் இருக்கும் கரித்துகளைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற ஃபில்டர். சேர்ந்த கரியைச் சுமார் 600 டிகிரி வெப்பத்தில் அது தானாகவே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். ஆனால் அந்த வெப்பம் வர, வண்டி கொஞ்ச தூரமாவது நிற்காமல் ஓட வேண்டும். வீடு, ஸ்கூல், ஆபீஸ் என்று சிட்டி டிராஃபிக்கிலேயே உருளும் காரில் இது பாதியிலேயே நின்றுவிடும். டேஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்கை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். உண்மையைச் சொன்னால், தினமும் பத்து கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு டீசல் காரை விற்பவர் இதையெல்லாம் ஷோரூமிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

காரணம் எழுத்தில் வேண்டும்

"இன்ஜெக்டர் போச்சு" என்பது காரணம் அல்ல, விளைவு. ஸ்கேன் ரிப்போர்ட்டில் வந்த ஃபால்ட் கோடுகள், செய்த டெஸ்ட், அதன் முடிவு ஆகியவற்றை இமெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பச் சொல்லுங்கள். நாலு இன்ஜெக்டரையும் மாற்றச் சொன்னால், நாலையும் தனித்தனியாக டெஸ்ட் செய்தார்களா என்று கேளுங்கள். ஒன்றுதான் பழுது என்றால் பில் பாதிக்கும் கீழே வந்துவிடலாம்.

வாரண்டி இருக்கும்போதே "டீசல்ல கலப்படம் சார், வாரண்டி கிளெய்ம் ஆகாது" என்று சொல்வதும் உண்டு. அப்படிச் சொன்னால் உங்கள் கண்முன்னே டேங்க்கிலிருந்து சாம்பிள் எடுக்கச் சொல்லுங்கள். எங்கே டீசல் போட்டீர்கள் என்பதற்கு பங்க் பில்லோ யுபிஐ பதிவோ இருந்தால் எடுத்து வையுங்கள்.

மழைநீரில் மாட்டிய கார் என்றால் கதையே வேறு. தேய்மானத்தாலோ மெக்கானிக்கல் கோளாறாலோ வரும் செலவை சாதாரண மோட்டார் இன்சூரன்ஸ் தராது. இன்ஜினுக்குள் தண்ணீர் போனதால் வரும் சேதத்துக்கு 'இன்ஜின் ப்ரொடெக்ட்' எனப்படும் கூடுதல் கவரேஜ் தேவை. அது உங்கள் பாலிசியில் இருக்கிறது என்றால், சர்வேயர் வந்து பார்ப்பதற்குள் இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள். பிரித்துவிட்டால் எது தண்ணீரால் வந்தது, எது முன்பே இருந்தது என்ற சண்டை தொடங்கிவிடும்.

வாரண்டி முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, எல்லா சர்வீஸும் அதே நிறுவனத்தின் சென்டரில்தான் செய்திருக்கிறீர்கள் என்றால் 'குட்வில்' அடிப்படையில் கார் நிறுவனமே ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளச் சொல்லி மெயில் போடலாம். இது உரிமை இல்லை, கோரிக்கைதான். ஆனால் வேலை ஆரம்பிப்பதற்கு முன்பே கேட்க வேண்டும். முடிந்த பிறகு கேட்டால் அதற்கு மதிப்பு குறைவு.

'பிரிச்சுப் பார்த்தாதான் தெரியும் சார்'

இன்ஜின் வேலையில் இது பல நேரம் உண்மைதான். ஆனால் பில் கைமீறிப் போவதும் இந்த இடத்தில்தான். பிரித்துப் பார்க்க எவ்வளவு, வேலை வேண்டாம் என்று சொன்னால் திரும்பப் பூட்டிக் கொடுக்க எவ்வளவு என்று முதலிலேயே ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். "எஸ்டிமேட்டைத் தாண்டினால் என் ஒப்புதல் இல்லாமல் வேலை செய்யக் கூடாது" என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

எஸ்டிமேட்டில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்களுக்கு 18 சதவீதம். லேபருக்கும் 18 சதவீதம்தான். ஒரு லட்ச ரூபாய் வேலைக்கு 18 ஆயிரம் கூடும்.

மாற்றிய பழைய பார்ட்ஸையும் கேட்டு வாங்குங்கள். பழுது நிஜமாகவே இருந்ததா என்ற தகராறு நுகர்வோர் ஆணையம் வரை போனால், அந்தப் பழைய பார்ட்தான் பரிசோதனைக்குப் போகும்.

வெளி மெக்கானிக்கிடம் காட்டினால் வாரண்டி போய்விடுமா?

இந்தப் பயத்தில்தான் பலர் இரண்டாவது கருத்தே கேட்பதில்லை. 2014 ஆகஸ்ட்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளியில் ரிப்பேர் செய்தாலே மொத்த வாரண்டியும் ரத்து என்று நிபந்தனை போடக் கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்பது அந்த உத்தரவின் சாரம். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போனது தனிக் கதை. நடைமுறையில், வாரண்டி இருக்கும்போது வெளியில் இன்ஜினைப் பிரிப்பது ரிஸ்க்தான். வெறும் ஸ்கேன் செய்து கருத்துக் கேட்பதில் அந்த ரிஸ்க் இல்லை. வாரண்டி முடிந்துவிட்டால் தயங்கவே வேண்டாம். டீசல் பம்ப், இன்ஜெக்டர் வேலைக்கென்றே தனியாக இருக்கும் கடைகளில் விலை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பணம் கட்டினால்தான் கார் என்கிறார்களா?

செய்த வேலைக்கான கூலி வரும்வரை வண்டியை நிறுத்தி வைக்க, 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170 வொர்க்ஷாப்புக்கு உரிமை தருகிறது. ஆனால் அது நீங்கள் செய்யச் சொன்ன வேலைக்குத்தான். நீங்கள் ஒப்புக்கொள்ளாத வேலைக்கு அந்தப் பிரிவைக் காட்டுவது கஷ்டம். ஜாப் கார்டில் சேர்த்த அந்த ஒரு வரி இங்கேதான் கைகொடுக்கும்.

அதற்காகக் காரை அங்கேயே விட்டுவிட்டு மாதக்கணக்கில் சண்டை போடுவதும் புத்திசாலித்தனம் இல்லை. பார்க்கிங் கட்டணம் என்று இன்னொரு மீட்டர் ஓட ஆரம்பிக்கும். எந்தெந்தத் தொகையை ஏற்கவில்லை என்று மெயில் அனுப்பிவிட்டு, ஆட்சேபத்துடன் கட்டுவதாகக் குறிப்பிட்டுப் பணத்தைக் கட்டி வண்டியை எடுத்துவிடுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அவர்களால் உத்தரவு போட முடியாது. ஆனால் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள்.

அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, டீலர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

வணிகப் பயன்பாட்டுக்காகப் பெற்ற சேவைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று ஒரு விதி இருக்கிறது. அதைக் காட்டி டாக்ஸி ஓட்டுபவர்களைத் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். சொந்தக் காரைத் தானே ஓட்டிப் பிழைப்பவரும் நுகர்வோர்தான் என்று அதே சட்டம் சொல்கிறது. ஒரு வாரம் வண்டி வொர்க்ஷாப்பில் நின்றால் ஒரு வார வருமானமே இல்லாத அவர்கள், அந்த இழப்பையும் சேர்த்தே புகாரில் கேட்கலாம்.